கஜகஸ்தான் பாலைவனப் பயணம்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அல்மாட்டி வரை போய், பனிமலையும் கேபிள் காரும் பார்த்துத் திரும்பி வருபவர்கள் நம்மிடையே இப்போது அதிகம். அதே நாட்டின் தென்மேற்கு மூலையில், காஸ்பியன் கடலோரம் மங்கிஸ்தாவ் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் சுண்ணாம்புப் பாறைகளையும் உஸ்த்யூர்த் பீடபூமியையும் பார்க்காமல் திரும்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அங்கே போக நினைக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அல்மாட்டிக்குப் பக்கத்தில் உள்ள சாரின் பள்ளத்தாக்கும் அல்தின் எமெல் பூங்காவும் இடையிடையே வரும்.

பாலைவனம் என்றால் மணல் மேடுகள்தானே?

மங்கிஸ்தாவில் பெரும்பாலும் இல்லை. அங்கே சுண்ணாம்பு, களிமண், உப்பு மூன்றும்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடியாக இருந்த நிலம். பொஸ்ஜிராவில் வெள்ளைக் கோரைப்பற்களாக நிமிர்ந்து நிற்கும் இரட்டைப் பாறைகளும், வெள்ளையும் செம்பழுப்பும் அடுக்கடுக்காகத் தெரியும் கிசில்குப் குன்றுகளும் அந்தக் கடலடி வண்டல்தான். கிசில்குப்பை இப்போது பலர் 'திராமிசு' என்றே அழைக்கிறார்கள். ஷெத்பே ஊருக்குப் பக்கத்தில் தோரிஷ் என்று ஒரு சமவெளி. கைக்கு அடங்கும் கல் முதல் ஆள் உயரத்தைத் தாண்டியவை வரை, உருண்டை உருண்டையான பாறைகள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். சில நட்டநடுவே பிளந்திருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் உள்ளே வளையம் வளையமாகக் கனிமம் படிந்தது தெரியும். கடலடி வண்டலில் ஒரு சிறு கருவைச் சுற்றிக் கனிமம் ஒட்டிக்கொண்டே வளர்ந்த உருண்டைகள் அவை.

மணல் மேடுதான் வேண்டும் என்றால் அல்தின் எமெல் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே பாடும் மணல்மேடு இருக்கிறது. சுமார் 3 கி.மீ. நீளம், 100 மீட்டருக்கும் மேல் உயரம். மணல் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில், சரிவில் மணல் வழுக்கி இறங்கும்போது அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி ஒரு முழக்கம் எழும். ஈரமாக இருந்தால் சத்தமே வராது.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடுவதால், உடம்பு தண்ணீர் இழப்பது உங்களுக்கே தெரியாது. குளிர்காலத்தில் கடுங்காற்றோடு பூஜ்யத்துக்குக் கீழே போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மே மாதத்தைத்தான் சொல்வேன். புல் கொஞ்சம் பசுமையாக இருக்கும். குதிரைகளும் ஒட்டகங்களும் குட்டிகளோடு திரியும்.

வெயில்தான் பெரிய ஆபத்தா?

மழைதான் பெரிய ஆபத்து. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உஸ்த்யூர்த்திலும் அதன் அடிவாரத்திலும் இரண்டு வகைத் தரை உண்டு. ஒன்று 'தக்கிர்'. கோடையில் வற்றிய நம்மூர்க் கண்மாய்த் தரை மாதிரி ஓடு ஓடாக வெடித்த களிமண். காய்ந்திருக்கும்போது அதன் மேல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டலாம். அரை மணி நேர மழை போதும், அதே தரையில் நிற்கக்கூட முடியாது. டயர் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டு, நான்கு சக்கரமும் சுற்றச் சுற்ற வண்டி பக்கவாட்டில் நழுவும். இரண்டாவது 'சோர்'. இது உப்புச் சதுப்பு. மேலே வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரியும் உப்புப் படலம் பல இடங்களில் மெல்லிசுதான். அடியில் கறுப்புச் சேறு. துஸ்பாயிர் இப்படிப்பட்ட இடம். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரின் காலடியில் வெள்ளை உப்புவெளி. படம் எடுக்க அருமையான இடம், வண்டியை இறக்கத் தகாத இடம்.

நல்ல ஓட்டுநர் சோர் விளிம்பில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, முன்னால் முப்பது நாற்பது அடி நடந்து போவார். குதிகாலால் ஓங்கி மிதிப்பார். மிதித்த இடத்தில் கறுப்பு ஈரம் கசிந்தால், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து வேறு வழியாக ஓட்டுவார். அந்தச் சுற்றுவழிக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகலாம். அவரை அவசரப்படுத்தாதீர்கள். சேற்றில் அச்சு வரை இறங்கிய வண்டியை வெளியே எடுக்க, இன்னொரு வண்டி எத்தனை மணி நேரம் கழித்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மழை வந்துவிட்டால் இருக்கிற இடத்திலேயே கூடாரம் போட்டு, தரை காயும்வரை காத்திருப்பதுதான் ஒரே வழி. அதனால்தான் திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டு வைக்கச் சொல்கிறேன். கடைசி நாள் மாலை விமானம், காலை வரை பொஸ்ஜிரா என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். காய்ந்த ஓடைத் தடத்திலும் குறுகலான பள்ளத்தாக்கிலும் கூடாரம் போடவே கூடாது. எங்கோ தூரத்தில் பெய்த மழை உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரும்.

காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாமா?

சாரினுக்கு ஓட்டலாம். அல்மாட்டியிலிருந்து கிழக்கே சுமார் 200 கி.மீ., பூங்கா வாசல்வரை நல்ல சாலை. மங்கிஸ்தாவில் தார்ச்சாலையை விட்டு இறங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

காரணம் வழி தெரியாதது மட்டும் இல்லை. சமவெளியில் டயர் தடங்கள் விசிறியாகப் பிரிந்து போகும். எது நேற்றுப் போனது, எது பல வருடங்களுக்கு முந்தையது என்று புதிதாய்ப் போகிறவருக்குத் தெரியாது. அந்த மண்ணில் ஒரு தடம் விழுந்தால் சீக்கிரம் அழியாது. பீடபூமி விளிம்பு இன்னொரு ஆபத்து. உள்ளூரில் 'சிங்க்' என்பார்கள். சமதரையாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று செங்குத்தாக நூறு இருநூறு மீட்டர் இறங்கிவிடும். சுண்ணாம்பு என்பதால் விளிம்பின் அடிப்பகுதி அரிக்கப்பட்டு, மேல்பகுதி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. அதன் நுனியில் காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுக்கிற வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஓட்டுநரையோ நிறுவனத்தையோ பேசி முடிக்கும் முன் நான் கேட்கும் கேள்விகள் இவை: இரண்டு ஸ்டெப்னி இருக்கிறதா? கயிறு, மண்வெட்டி, மணல் பலகை, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இருக்கின்றனவா? ஒரே வண்டிதான் போகிறதென்றால், அது திரும்பவில்லை என்பது யாருக்கு, எத்தனை மணிக்குத் தெரியும்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரை நம்பலாம். வண்டி லேண்ட் க்ரூஸரா, பழைய ரஷ்ய 'புகான்கா' வேனா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். புகான்காவில் ஏசி இருக்காது, குலுக்கி எடுக்கும். ஆனால் பழுதானால் ஒரு ஸ்பேனரை வைத்தே நடுவழியில் சரிசெய்துவிடுகிறார்கள்.

தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 5 லிட்டர். சமைக்க, கழுவ, கூடவே ஒதுக்கி வைத்த அந்தக் காலி நாளுக்கும் சேர்த்து வாங்குங்கள். கிணறுகள் உண்டு. ஆனால் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதோடு, அது ஆடு, குதிரை, ஒட்டகங்களை நம்பி வாழ்கிறவர்களின் தண்ணீர். அதில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெரிய மரியாதைக்குறைவு.

மாகாணத் தலைநகரான அக்தாவுக்கே சொந்த ஆறு கிடையாது. 1960களில் யுரேனியத்துக்காகவும் எண்ணெய்க்காகவும் எழுப்பிய நகரம், பெரும்பாலும் காஸ்பியன் கடல்நீரின் உப்பை நீக்கித்தான் குடிக்கிறது. 1973 முதல் 1999 வரை பி.என்.350 என்ற அணு உலையின் வெப்பம் அதற்குக் கைகொடுத்தது. சோடியத்தால் குளிர்விக்கப்படும் வேக ஈனுலை, நம் கல்பாக்கத்தில் இருப்பதும் அதே வகைதான். மீஞ்சூர், நெம்மேலி தண்ணீர் குடித்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இந்த நகரத்தின் கதை உடனே புரியும்.

போன் சிக்னல் கிடைக்குமா?

ஊர்களிலும் சில நெடுஞ்சாலைகளிலும் கிடைக்கும். பொஸ்ஜிரா பக்கம் நம்ப முடியாது. இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடத்தை அக்தாவிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112.

செயற்கைக்கோள் கருவி பற்றி ஒரு எச்சரிக்கை. சாட்டிலைட் போனையும், மலையேறுபவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளையும் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் சட்ட விரோதம். அதோடு நம் விமான நிலையத்தில் பிடிபட்டுச் சிக்கலில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தாலும் இதே பிரச்சினைதான். அங்கே உங்களை அழைத்துப் போகும் நிறுவனத்தின் கருவியாக இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் கையில் ஏதாவது வேண்டும். ஊர் ஓட்டல்களில் எல்லாவற்றிலும் ஆடு, மாடு, குதிரை. பெஷ்பர்மாக், மந்தி, சம்சா எல்லாம் கறிதான். முட்டை, உருளைக்கிழங்கு, தக்காளி வெள்ளரி சாலட், தந்தூர் ரொட்டி, எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமான பவுர்சாக் இவை கிடைக்கும். பாலாடைக்கட்டியை உருட்டி வெயிலில் காயவைத்த 'குர்த்' வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டால் வெயிலில் உப்பும் சேரும், பசியும் அடங்கும். ஒட்டகப் பாலைப் புளிக்கவைத்த ஷூபாத்தை ஒருமுறை ருசி பாருங்கள். முதல் நாளே ஒரு குவளை முழுக்க வேண்டாம், வயிறு பழகட்டும்.

அவல், ரவை உப்புமா மிக்ஸ், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி இருந்தால் கூடாரத்திலேயே நிறைவாகச் சாப்பிடலாம். கேஸ் சிலிண்டர் விமானத்தில் வராது, அங்கே வாங்க வேண்டும். காற்றைத் தடுக்க அடுப்பைச் சுற்றி ஒரு தகடு கட்டாயம். அது இல்லாவிட்டால் தண்ணீர் கொதிப்பதற்குள் பாதி கேஸ் தீர்ந்துவிடும்.

பெகெத் அதா என்கிறார்களே, அது என்ன? வெளி மதத்தவர் போகலாமா?

போகலாம், போகத்தான் வேண்டும். மங்கிஸ்தாவை வெறும் பாறைக் காட்சியாகப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அதில் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பெகெத் அதா 18ஆம் நூற்றாண்டில் பிறந்து 1813இல் மறைந்த சூஃபி ஞானி. ஒக்லாந்தி என்னும் இடத்தில் பாறையைக் குடைந்து அவர் அமைத்த பள்ளிவாசலிலேயே அவருடைய அடக்கமும் இருக்கிறது. கஜகஸ்தான் முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். வழியில் உள்ள ஷோப்பான் அதா என்ற ஞானியின் அடக்கத்தலத்தை முதலில் வணங்கிவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்பது வழக்கம். மேலே யாத்ரீகர் விடுதி. அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் நீண்ட நடைபாதையும் படிகளும் இறங்குகின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி வருவதற்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். அந்தச் சரிவில் யாரும் வேட்டையாடுவதில்லை என்பதால், வளைந்த கொம்புள்ள காட்டுச் செம்மறிகள் பக்கத்திலேயே நின்று பார்க்கும்.

விடுதியில் தங்கவும் சாப்பிடவும் காசு கேட்பதில்லை. நீளமாக விரித்த துணியைச் சுற்றி எல்லோரும் தரையில் உட்காருவார்கள். பவுர்சாக், மிட்டாய், பால் தேநீர், கறி எல்லாம் நடுவில் இருக்கும். தெரியாத ஒரு பாட்டி உங்கள் பக்கம் தட்டை நகர்த்துவார். குவளை காலியாகக் காலியாகத் தேநீர் வந்துகொண்டே இருக்கும். போதும் என்றால் குவளையை உள்ளங்கையால் மூடிக் காட்டி 'ரஹ்மெத்' சொல்லுங்கள், நன்றி என்று பொருள். எழுவதற்கு முன் பெரியவர் ஒருவர் பிரார்த்தனை சொல்லுவார். எல்லோரும் கைகளை ஏந்தி, முடிந்ததும் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். நீங்களும் அமைதியாக அப்படியே செய்தால் போதும். பெண்கள் தலைக்குத் துணி, ஆண்களுக்கு முழுக்கால் சட்டை. குகைக்குள் செருப்பு கூடாது, கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள்.

பாம்பு, தேள்?

இருக்கின்றன. சூடான மாதங்களில் 'கரகுர்த்' என்ற கறுப்பு நச்சுச் சிலந்தியும் உண்டு, அதன் கடி ஆபத்தானது. கூடார ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டு மாட்டுங்கள், கல்லை வெறுங்கையால் புரட்டாதீர்கள். வசந்த காலத்தில் புல்வெளியில் நடந்து வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று மாலையில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு இவற்றைவிடக் கவலை, ஆட்டுமந்தை காக்கும் நாய்கள்தான். மந்தையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

பெண்கள் தனியாகவோ தோழிகளாகவோ போகலாமா? கழிப்பறை வசதி?

போகிறார்கள். ஊருக்கு வெளியே கழிப்பறை கிடையாது, மறைப்புக்கு மரமும் கிடையாது. ஒரு பெரிய துப்பட்டாவும், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கான சின்னக் கழிப்பறைக் கூடாரமும் பெரிய உதவி. காற்று கடுமை என்பதால் அதற்கும் சேர்த்து நீளமான இரும்பு முளைகள் வேண்டும். பேட், ஈரத்தாள் எதையும் புதைக்காமல் பையில் கட்டித் திரும்பக் கொண்டு வாருங்கள். வறண்ட மண்ணில் அவை மட்காது.

சுறாப் பற்கள், சிப்பிப் படிமங்கள் கிடைக்குமாமே, எடுத்து வரலாமா?

காலடியிலேயே கிடக்கும். பார்த்து, படம் எடுத்து, அங்கேயே வைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் சில வருடங்களில் ஒன்றும் மிஞ்சாது.

விலங்குகள் விஷயத்தில் நல்ல செய்தியும் உண்டு. தொங்கு மூக்குள்ள சைகா மான்கள் 2015இல் நோய் தாக்கி 2 லட்சத்துக்கும் மேல் இறந்தன. அதன் பிறகு கஜகஸ்தானில் அவை பெருகி, 2023 இறுதியில் மிக ஆபத்தான நிலைப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. 2018இல் உஸ்த்யூர்த் காப்பகத்தில் ஒரு பாரசீகச் சிறுத்தை கேமராவில் பதிவானது. காப்பகத்துக்குள் நுழைய முன்அனுமதி வேண்டும்.

விசா, விமானம்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2022 ஜூலை முதல் ஒரு முறைக்கு 14 நாள் வரை தங்க விசா தேவையில்லை, 180 நாளில் மொத்தம் 42 நாள் வரை. டெல்லியிலிருந்து அல்மாட்டி, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் அக்தாவ். ரயிலும் உண்டு, ஆனால் 14 நாளில் இரண்டு நாளுக்கு மேல் அதிலேயே போய்விடும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் முன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.

துர்க்மெனிஸ்தானின் நெருப்புக் குழியையும் ஆரல் கடலையும் சேர்த்துவிடலாமா?

ஒரே பயணத்தில் வேண்டாம். தர்வாசா எரிவாயுக் குழிக்குப் போக அழைப்புக் கடிதமும் வழிகாட்டியும் தேவை. அதற்கே பல வாரம் பிடிக்கலாம். குழியின் தீயும் முன்பு போல் இல்லை, குறைந்துகொண்டு வருகிறது. ஆரலுக்கு உஸ்பெகிஸ்தானின் நுக்குஸ் வழியாகப் போவது வசதி. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் 1960கள் முதல் வற்றத் தொடங்கிய கடல் அது. மொய்னாக் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் நிற்கின்றன. அதைத் தனிப் பயணமாக, பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம்தான் லீவு. கூட அப்பா அம்மாவும் வருகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

அல்மாட்டியை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சாரின். 'கோட்டைப் பள்ளத்தாக்கு' என்ற பகுதியில் சிவந்த பாறைகளுக்கு நடுவே ஆறு வரை சுமார் 3 கி.மீ. நடை. காலை 10 மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஆறு வேகமானது, குளிர்ந்தது, காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு சாத்தி கிராமத்தில் தங்கி, மறுநாள் கைந்தி ஏரி. 1911 நிலநடுக்கத்தில் மலை சரிந்து உருவான ஏரி அது, அப்போது மூழ்கிய மரங்கள் இன்னும் நட்டுக்குத்தாக நிற்கின்றன. அப்புறம் அல்தின் எமெலில் இரண்டு நாள், பாஷி கிராமத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மங்கிஸ்தாவுக்கு என்று இன்னொரு லீவு போடுங்கள். அக்தாவில் இறங்கும் நாளையும் புறப்படும் நாளையும் கழித்து ஐந்து முழு நாளாவது வேண்டும், அந்தக் காலி நாளும் அதற்குள் அடக்கம்.